ஜன்னல் பக்கத்து முகம்

ஆய்வுக்கூட விடுதி, மாடி அறை
ஜனவரி 8

கண்ணாடிக்காரருக்கு,

வந்து சேர்ந்தேன். பெட்டி, குடை, நான் மூவரும் பத்திரம். நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை வண்டியிலேயே தீர்த்துவிட்டேன், பக்கத்து சீட்டு அம்மாவுக்கும் பங்கு கொடுத்து. "வீட்டுக்காரரா கட்டிக் குடுத்தாரு?" என்று அந்த அம்மா வாயைப் பிளந்தார். ஆமாம் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பேசி வைத்தபடி கடிதமே எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் முட்டிக்கொள்கிறது. கடிதத்தில் சண்டை போடவேண்டும் என்றால் தபால்தலை ஒட்டி, பெட்டி வரைக்கும் நடக்கவேண்டும். அதற்குள் பாதிக் கோபம் கால் வழியாக இறங்கிவிடும்.

இங்கே எனக்கு ஒரு மேசை, ஒரு வரிசைத் தொட்டிகள், ஒரு தலைவர். தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் தெர்மாமீட்டர். மனிதர் எதைச் சொன்னாலும் தசமப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் சொல்லாமல் விடமாட்டார். வந்த அன்றே உட்காரவைத்துப் பேசிவிட்டார்.

"இங்க இருந்து வேலை பாக்கணும்னா மூணு வருஷ ஒப்பந்தம். நீங்க வீட்லயே வளர்த்துத் தர்றேன்னு சொல்றீங்க. அதை நான் நம்பணும்னா ஒரு படிகம் கொண்டுவந்து காட்டுங்க. உள்ளங்கை அளவு இருக்கணும், உள்ள ஒரு மாசு இருக்கக்கூடாது. பிப்ரவரி கடைசிக்குள்ள."

காட்டிவிட்டால், இவர்களுக்கு வேண்டிய படிகங்களை நம் வீட்டுப் பின்னறையிலேயே வளர்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் மூன்று வருடத்துக்கு இந்த மாடி அறைதான். பழைய வேலை போனபிறகு எனக்கு வந்திருக்கும் ஒரே வழி இது, உங்களுக்கே தெரியும்.

ஆகவே நம் பின்னறை ஜாடியில் இருப்பதை இனி வெறும் படிகமாக நினைக்காதீர்கள், நான் வீடு திரும்புவதற்கான டிக்கெட்டாக நினையுங்கள். இன்னும் ஒருமுறை சொல்கிறேன், கொட்டாவி விடாமல் படியுங்கள். தினமும் காலையில் ஜாடிக்கு அடியில் இருக்கும் சூட்டுத் தட்டின் திருகை ஒரு மயிரிழை குறைக்கவேண்டும். கரைசல் ஆற ஆற, அதில் கரைந்திருக்கும் உப்புக்கு இடம் போதாமல் படிகத்தின்மேல் வந்து உட்காரும். வளர்ச்சி என்பது அவ்வளவுதான். ஜாடியை ஆட்டக்கூடாது. மூடியைத் திறக்கக்கூடாது. முக்கியமாக, கை வைக்காதீர்கள். உங்கள் கையை எனக்குத் தெரியும். சொரசொரப்பாக எதைப் பார்த்தாலும் அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் என் பாத்திரங்களை லென்ஸ் மாதிரி தேய்த்து வைத்த கை அது.

ஒரு வேடிக்கை. இங்கே கடைசித் தொட்டியில் கொஞ்சம் விதைப் படிகங்கள் இருக்கின்றன. பெரிதாக வளர்ப்பதற்கென்று போட்டு வைத்த குட்டிப் படிகங்கள். பார்த்தால் திருஷ்டி கழிக்கவேண்டும், அவ்வளவு அழகு. கரைசலும் சரியாக இருக்கிறது, சூடும் சரியாக இருக்கிறது, ஆனால் ஒன்றுகூட வளரமாட்டேன் என்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் இவற்றோடு மல்லுக்கட்டித்தான் வேலையை விட்டாராம். இப்போது என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வண்டி கிளம்பும்போது நீங்கள் சொன்னதைப் பற்றியும் எழுத நினைத்தேன். வேண்டாம், அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள்
உப்புக்காரி


பட்டறை
ஜனவரி 15

என் உப்புக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கொட்டாவி விடாமல் இரண்டு தடவை படித்தேன். இங்கே எல்லாம் அமோகம். ஒரு குறையும் இல்லை. பட்டறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை நிறைய. கண் சரியாகத் தெரியாதவர்கள் ஊரில் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள், நம் பிழைப்புக்குப் பங்கமில்லை.

மேல்வீட்டு அக்கா தினமும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். ஒருநாள் அவளே இறங்கிவந்து பின்னறையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் ஜாடியின்மேல் கை. "என்னடா இது, எத்தனை நாள் தண்ணி? கொட்டிட்டு வேற புடிச்சு வைக்கட்டுமா?" என்றாள். கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்காமல் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது, நல்லவேளை.

இப்போது சந்தோஷமான விஷயம். உன் படிகம் நன்றாக வளர்கிறது. அதன் தட்டைப் பக்கங்களை முகம் என்பாயே, அதில் ஜன்னல் பக்கம் பார்த்த முகம் இருக்கிறதே, அது ஓட்டமாக ஓடுகிறது! மற்ற முகங்கள் எல்லாம் அரசாங்கக் காரியம் மாதிரி நகர்கின்றன. இது ஒன்றுதான் சுறுசுறுப்பு. உள்ளே லேசாகப் பால் கலந்த மாதிரி தெரிகிறது. காலை வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். இந்த வேகத்தில் போனால் உள்ளங்கை என்ன, உன் தெர்மாமீட்டரின் தலை அளவுக்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

நீ சொன்னதை எல்லாம் அப்படியே செய்கிறேன். உன் கடிதம் வந்தபிறகு மூடியைத் தொடக்கூட இல்லை.

கவலைப்படாமல் வேலையைப் பார்.

உன்
கண்ணாடிக்காரன்


விடுதி
ஜனவரி 19

கண்ணாடிக்காரருக்கு,

"உன் கடிதம் வந்தபிறகு" மூடியைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருவதற்கு முன்னால்?

ஒரே ஜாடி, ஒரே கரைசல், ஒரே சூடு. அதில் ஒரு முகம் மட்டும் ஓடுகிறது என்றால், அந்த ஒரு முகத்துக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. பால் நிறத்துக்கும் காலை வெளிச்சத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

போனை எடுத்துவிட்டேன். திரும்ப வைத்துவிட்டேன். பேசியிருந்தால் விடுதியே எழுந்து வந்திருக்கும்.

என்ன செய்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உப்புக்காரி


பட்டறை
ஜனவரி 24

உப்புக்காரிக்கு,

உன்னைக் கட்டிக்கொண்டவன் திருடனாகப் பிழைக்க முடியாது. சரி, எழுதுகிறேன்.

உன்னை வண்டி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பட்டறைக்கு விடுமுறை. உட்கார்ந்தேன், எழுந்தேன், பின்னறைக்குப் போனேன். படிகத்தின் ஜன்னல் பக்கத்து முகத்தில் ஒரு மங்கல், அரைப் பயறு அளவு. பார்த்துக்கொண்டே இருந்தால் அது மட்டும்தான் கண்ணில் பட்டது. நீ அதைத் தெர்மாமீட்டருக்குக் காட்டும்போது அந்த ஆள் முதலில் அந்த மங்கலில்தான் விரலை வைப்பான் என்று தோன்றியது. வெளியே எடுத்தேன். தண்ணீர் பட்டால் கரையும் என்று எனக்கும் தெரியும், அவ்வளவு மக்கு இல்லை. எண்ணெய் விட்டு, இருப்பதிலேயே நைசான பொடியை வைத்து, கம்பளித் துணியில் தேய்த்தேன். மெதுவாகத்தான். குழந்தைக்கு முகம் துடைப்பது மாதிரி. மங்கல் போய்விட்டது. துடைத்துப் பழையபடி உள்ளே விட்டேன். என் ஆயுளில் நான் போட்ட பாலிஷிலேயே அதுதான் முதல் தரம். அதில் என் மீசை தெரிந்தது.

செய்தது தப்பு என்றால் தப்பு. கையை வைக்காதே என்று நீ கிளம்பும்போதும் சொன்னாய். ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை, மனத்தாங்கலாகவும் இருக்கிறது. மற்ற முகங்களைவிட அதுதான் பளபளப்பாக இருந்தது. அதற்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்கிறாய். அப்படியென்றால் நான் இத்தனை வருடம் பட்டறையில் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன்?

அந்தப் பால் நிறம் இப்போது இன்னும் கெட்டியாகத் தெரிகிறது. சொல்லவேண்டும் என்று சொல்கிறேன்.

கண்ணாடிக்காரன்


விடுதி
ஜனவரி 30

கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு மீசை தெரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகத் திரும்பவும் கோபம் வந்தது. எதிர் அறைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உங்கள் தொழிலை நான் குறை சொல்லவில்லை. கேளுங்கள். உங்கள் பொடி, எவ்வளவு நைசாக இருந்தாலும், ஒவ்வொரு துகளும் ஒரு கீறல் போடுகிறது. பெரிய கீறலைச் சின்னக் கீறலால் அழித்து, அதைக் கண்ணுக்கே தெரியாத கீறலால் அழிக்கிறீர்கள். அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். அதற்கு அடியில் ஒரு நூலிழை ஆழத்துக்கு எல்லாம் உடைந்து நொறுங்கிக் கிடக்கும். கண்ணாடிக்கு அதனால் ஒன்றுமில்லை, உங்கள் லென்ஸ் மூக்கின்மேல் உட்கார்ந்தால் போதும், அது வளரவேண்டாம். படிகம் வளரவேண்டும். புதிதாக வரும் ஒவ்வோர் அடுக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரிதான் உட்காரும். சேதமில்லாத முகத்தில் வரிசையாக, நிதானமாக உட்காரும். உடைந்த முகத்தில் திரும்பின பக்கமெல்லாம் படிகளும் விளிம்புகளும். வருகிற உப்பு கிடைத்த இடத்தில் தொற்றிக்கொள்ளும். நீங்கள் பார்த்த ஓட்டம் அதுதான். அந்த அவசரத்தில் கரைசலின் சொட்டுகளையும் உள்ளே வைத்து மூடிவிடும். நீங்கள் பார்த்த பால் அதுதான்.

நீங்கள் துடைத்த மங்கல் ஒரு வாரத்தில் தானாகவே மூடியிருக்கும்.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான், மனதைக் கல்லாக்கிக்கொண்டு செய்யுங்கள். திருகைக் குறைக்காதீர்கள். கொஞ்சம் ஏற்றுங்கள். கரைசல் சூடானால் அதற்குத் திரும்பவும் பசி எடுக்கும், படிகத்தின் தோலைத் தின்ன ஆரம்பிக்கும். மூலையெல்லாம் மழுங்கும். நிறுத்தாதீர்கள். பாலும் அதற்கு அடியில் நீங்கள் தேய்த்த தோலும் போகும்வரை விட்டுவிட்டு, அதன்பிறகு பழையபடி மெல்ல இறக்குங்கள். படிகம் சின்னதாகிவிடும். பிப்ரவரி கடைசிக்குள் உள்ளங்கை அளவு வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். வராது என்றுதான் நினைக்கிறேன்.

தெர்மாமீட்டர் நேற்று ஒப்பந்தத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேனாவையும் சேர்த்து.

அப்புறம் எழுதுகிறேன் என்றேனே, அதை இப்போது எழுதிவிடுகிறேன். வண்டி கிளம்பும்போது ஜன்னலில் கை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது: "மூணு வருஷம்னாலும் இருந்துட்டு வா. எனக்கென்ன குறை, பட்டறை இருக்கு." சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். வண்டி ஊரைத் தாண்டும்வரை நான் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாவுக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுத்ததே அவர் என்னைத் தேற்றியதற்காகத்தான். நான் இல்லாமல் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் நான் எதற்காக இந்தப் படிகத்தோடு இவ்வளவு பாடுபடவேண்டும்? கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

உப்புக்காரி


வீட்டுப் பின்னறை
பிப்ரவரி 8

என் உப்புக்காரிக்கு,

பட்டறையில் உட்கார்ந்து எழுத மனம் வரவில்லை. ஜாடிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். திருகை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் படிகத்திலிருந்து கானல் மாதிரி ஏதோ நெளிந்து கீழே இறங்கியது. நீ மாதக்கணக்கில் வளர்த்தது என் கண் முன்னால் கரைந்து இறங்குகிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன். அக்கா வந்து நின்றாள்.

"என்னடா, அவ ஆசையா வளர்த்ததைக் கரைச்சுக்கிட்டிருக்க?"

"அவதான்க்கா கரைக்கச் சொன்னா."

"உங்க ரெண்டு பேருக்கும் மறை கழண்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு, போகாமல் அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பால் முழுவதும் போய், அடியில் என் பாலிஷும் போனபோது மூலைகள் எல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைத்துக்கொள்ளவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

திருகை இறக்க ஆரம்பித்தபிறகு நடந்ததை நீ எனக்கு இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் காட்டவில்லையே! மழுங்கிப்போன மூலைகள்தான் முதலில் எழுந்தன, விட்டதைப் பிடிக்க அவசரப்படுவது மாதிரி. அப்புறம் விளிம்புகள் கூராயின. அப்புறம் ஜன்னல் பக்கத்து முகம் தானாகவே தட்டையாக வந்து நின்றது. யாரும் தேய்க்காமல் ஒரு முகம் அவ்வளவு தட்டையாக வருவதை என் தொழிலில் நான் பார்த்ததே கிடையாது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது உள்ளே பால் இல்லை. இந்தப் பக்கம் வைத்த கடிதத்தை அந்தப் பக்கமிருந்து படிக்கலாம். உன் கடிதத்தைத்தான் வைத்துப் படித்துப் பார்த்தேன்.

ஆனால் சின்னது. கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கடைசித் தேதிக்குள் உள்ளங்கை அளவு வராது. திருகை வேகமாக இறக்கினால் வரும், ஆனால் பாலும் கூடவே வரும் என்று இப்போது எனக்கே தெரிகிறது. அதனால் செய்யவில்லை.

இனி வண்டி ஜன்னல் விஷயம். நான் சிரித்துக்கொண்டு சொன்னது நீ பாரமில்லாமல் போகவேண்டும் என்றுதான். இங்கே ஒருத்தன் திண்டாடுகிறான் என்று நினைத்தால் உனக்கு அங்கே வேலை ஓடாது, அதற்காக. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, வீட்டில் இருக்கவும் முடியாமல் பட்டறைக்குப் போகவும் முடியாமல்தான் கைக்கு ஒரு வேலை தேடி அந்தப் படிகத்தை எடுத்தேன். மங்கல் எல்லாம் ஒரு சாக்கு. நீ தொட்டுக்கொண்டிருந்த பொருள் அது ஒன்றுதான் வீட்டில் கைக்கு எட்டியது.

அமோகம் என்று எழுதினேனே, அதெல்லாம் பொய். சாப்பாடு இறங்கவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். ஒரு வாடிக்கைக்காரருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து வசவு வாங்கினேன். எனக்குக் குறை இருக்கிறது. நீ இல்லாததுதான் குறை. வந்துவிடு. படிகம் உள்ளங்கை அளவு வந்தாலும் சரி, கடுகு அளவில் நின்றாலும் சரி, வந்துவிடு. அந்த மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. பிழைப்புக்கு ஏதாவது வழி பார்ப்போம்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும்.

உன்
கண்ணாடிக்காரன்


விடுதி
பிப்ரவரி 19

என் கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். படித்த அன்றே தெர்மாமீட்டரிடம் போய் ஒப்பந்தத்தையும் பேனாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருக்கும் படிகம் கட்டைவிரல் அகலம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"உள்ளங்கை கேட்டேன்" என்றார்.

"தெரியும் சார்."

"அப்ப வீட்டு வேலைக்கும் வழி இல்லையே."

"தெரியும் சார். நான் ஊருக்குப் போறேன்."

இவ்வளவோடு இந்தக் கடிதம் முடிந்திருக்கவேண்டும். கடைசித் தொட்டி விடவில்லை. அதைச் சொல்லவேண்டும் என்றால் ஜனவரி மாதத்துக்குப் போகவேண்டும்.

உங்கள் மீசைக் கடிதம் வந்த மறுநாள், உங்கள்மேல் இருந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், வளராத அந்தக் குட்டிப் படிகங்களில் ஒன்றை எடுத்தேன். சொரசொரப்பான கண்ணாடித் துண்டில் ஒரு முகத்தை நாலு தேய்ப்புத் தேய்த்தேன். தேய்த்தபடியே உங்களைத் திட்டினேன். தொட்டியில் திரும்பப் போட்டுவிட்டு மறந்தும் போனேன். போன வாரம் மேசையைக் காலி செய்யும்போது எட்டிப் பார்க்கிறேன், மற்றவை அப்படியே இருக்கின்றன, இது ஒன்று மட்டும் வளர்ந்திருக்கிறது! அடியில் ஒரு பால் பட்டை, அதற்கு மேலே தெளிவு. நம் வீட்டுப் படிகத்தை நீங்கள் பாதி வளர்ச்சியில் தேய்த்தீர்கள், பால் நடுவயிற்றில் வந்தது. இது ஆரம்பத்திலேயே தேய்த்தது, பால் அடியிலேயே நின்றுவிட்டது. அதை அறுத்து எறிந்துவிட்டால் மிச்சம் அத்தனையும் சுத்தம்.

அந்தக் குட்டிகளுக்கு என்ன பிரச்சினை என்று இப்போது எனக்குத் தெரியும். குறை என்று ஒன்றுமே இல்லாததுதான் பிரச்சினை. அவ்வளவு வழவழப்பான முகத்தில், வருகிற உப்புக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லை. வந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. வண்டி ஜன்னலில் ஒருவர் எனக்கென்ன குறை என்று சிரித்தாரே, அப்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. போகட்டும், நான் படிகத்தைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

தெர்மாமீட்டரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு சொன்னார், "வளருது. ஆனா கோணலா வளருது."

"நான் தேய்ச்சது கோணல் சார். ஒரு பக்கம் அழுத்திட்டேன். கோபத்துல இருந்தேன்."

"எல்லா இடத்துலயும் ஒரே அழுத்தம் விழணும். மெஷின்ல போட்டா தூளாயிடும், ரொம்பச் சின்னது. இதுக்கு கை வேணும். இங்க யாருக்கு அப்படிக் கை இருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருக்கு."

"தேய்ப்பாரா?"

"அவரைத் தேய்க்காம இருக்க வைக்கிறதுதான் சார் கஷ்டம்."

இங்கே சேர்ந்த நாளிலிருந்து அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தார், அதுவும் புள்ளி வைக்காமல். கடைசித் தொட்டியின் குட்டிகள் எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார். முதல் தொகுதி நேராக, தெளிவாக வளர்ந்து வந்தால், இந்த அடம்பிடிக்கும் ரகம் அத்தனையும் நம் பின்னறைக்கு வரும். எழுத்தில் கொடுத்திருக்கிறார். வராவிட்டால் என்ன என்று கேட்டேன். "வராட்டாலும் நீங்க ஊருக்குத்தானே போறீங்க" என்றார். மனிதர் விஷயம் தெரிந்தவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். குட்டிகளை ஈரத்துணியில் சுற்றக்கூடாது, பஞ்சில் வைத்து மடியில் கொண்டுவருகிறேன். அக்காவிடம் சொல்லிவிடுங்கள், சாப்பாடு இருவருக்கு. ஜாடிப் பக்கம் அவளை விடாதீர்கள். நம் கட்டைவிரல் படிகத்தை நான் வரும்வரை தினமும் ஒரு மயிரிழை இறக்கிக்கொண்டே இருங்கள், அது யாருக்கும் விற்பனைக்கு இல்லை.

உங்கள் நைசான பொடி இதற்கு ஆகாது, கொஞ்சம் முரட்டுப் பொடியாக எடுத்து வையுங்கள். எண்ணெய், கம்பளித் துணி எல்லாம் தயாராக இருக்கட்டும். இரண்டாவது டம்ளரை உள்ளே வைக்கவேண்டாம்.

நான் வந்ததும், நீங்கள் கை வையுங்கள்.

உங்கள்
உப்புக்காரி